தள்ளுவண்டி நிறைய நோட்டும் ஹிட்லரும்: வைமார் ஜெர்மனி பற்றி நாம் குழப்பிக்கொள்ளும் கதை

பணவீக்கம் பற்றி நாலு பேர் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் ஜெர்மனி வந்துவிடும். தள்ளுவண்டியில் நோட்டுக் கட்டுகள், நோட்டை அடுப்பில் போட்டு எரிக்கும் பெண்மணி, நோட்டுக் கட்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி விளையாடும் குழந்தைகள். கறுப்பு வெள்ளைப் படங்கள், எல்லோரும் பார்த்திருப்போம். படத்தைக் காட்டியவர் அடுத்த வாக்கியத்தில் சொல்வார்: "இப்படித்தான் ஹிட்லர் வந்தான்."

படங்கள் நிஜம்தான், ஹிட்லர் வந்ததும் நிஜம்தான். ஆனால் நோட்டு குப்பையான வருடம் 1923. ஹிட்லர் சான்சலர், அதாவது அரசின் தலைமை அமைச்சர் ஆனது 1933 ஜனவரி. நடுவில் ஒன்பது வருடம் கிடக்கிறது, அதில் பாதி நல்ல காலம். 1928 தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீத ஓட்டு. ஒரு ரொட்டி வாங்க மூட்டை நோட்டு தூக்கிப்போன மக்கள் அந்தக் கோபத்தில் ஹிட்லரைக் கொண்டுவந்தார்கள் என்றால், அஞ்சு வருடம் கழித்து நடந்த தேர்தலில் அந்தக் கோபம் எங்கே போனது?

பணம் மலிந்து கிடந்தபோது வராதவர், பணம் கண்ணிலேயே படாத காலத்தில் வந்தார். இந்த ஒரு முடிச்சை அவிழ்த்தால் போதும், மற்றதெல்லாம் தானாகப் பிரியும்.

## முதலில், எந்த ஜெர்மனி?

முதல் உலகப் போரில் தோற்ற கையோடு 1918 நவம்பரில் ஜெர்மனியின் மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம் பதவி இழந்து நெதர்லாந்துக்குப் போய்விட்டார். நவம்பர் 9ஆம் தேதி பெர்லினில் குடியரசு என்று அறிவித்தார்கள். தலைநகரில் கலவரம் ஓயாததால், அரசியல் சட்டம் எழுதத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை வைமார் என்ற சிறிய ஊரில் கூடியது. அதனால் 1918 முதல் 1933 வரையிலான ஜெர்மனிக்கு வைமார் குடியரசு என்று பெயர். ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, ஆட்சி நடந்தது பெர்லினில்தான்.

காகிதத்தில் பார்த்தால் அந்தக் காலத்துக்கு மிக முற்போக்கான ஜனநாயகம். 20 வயதான ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு. நாடாளுமன்றத்துக்கு ரைக்ஸ்டாக் என்று பெயர். அதில் இடம் பிடிப்பது விகிதாச்சாரப் பிரதிநிதித்துவ முறையில், அதாவது கட்சி வாங்கிய மொத்த ஓட்டுக்குத் தக்கபடி இடங்கள். கிட்டத்தட்ட 60,000 ஓட்டுக்கு ஒரு உறுப்பினர். தொகுதியில் முதலாவதாக வரவேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் சின்னஞ்சிறு கட்சிகளும் உள்ளே வந்தன, எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பதினாலு வருடத்தில் சுமார் 20 அமைச்சரவைகள்.

இந்தப் புது வீட்டுக்குக் குடிவந்தவர்கள் தலையில் பழைய குடித்தனக்காரரின் கடன் வந்து விழுந்தது. போரை நடத்தியது மன்னராட்சி, பெரும்பாலும் கடன் வாங்கி. ஜெயித்தால் தோற்றவன் கட்டுவான் என்பது கணக்கு. தோற்றுப்போனதும் கடனும் பழியும் குடியரசின் பெயருக்கு மாறின. 1919 ஜூனில் ஜெயித்த நாடுகளோடு செய்த வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் குடியரசின் ஆட்கள். அப்புறம் இழப்பீடு, அதாவது போரில் ஏற்பட்ட சேதத்துக்காக ஜெயித்த நாடுகளுக்குத் தோற்ற நாடு கட்டும் தொகை. 1921இல் அதை 13,200 கோடி தங்க மார்க் (மார்க் என்பது ஜெர்மன் நாணயம், தங்க மார்க் அதைத் தங்கத்தின் மதிப்பில் கணக்கிடுவது) என்று நிர்ணயித்தார்கள். அதில் பெரும்பகுதி எந்தக் காலத்திலும் வசூலாகாது என்பது வசூலிக்க வந்தவர்களுக்கே தெரியும். ஆனால் தெருவில் பேசுகிறவர்களுக்கு அந்த முழுத்தொகைதான் தொகை.

## 1923: கையில் வைத்திருக்கும்போதே உருகிய பணம்

பணவீக்கம் என்பது எளிய விஷயம். பொருள் அதே அளவில் இருக்க, அதைத் துரத்தும் பணம் பெருகினால் விலை ஏறும். அரசு தன் செலவுக்கு வரி வாங்காமல், கடனும் கிடைக்காமல், நோட்டு அச்சடித்தே காலம் தள்ளினால், ஏதோ ஒரு கட்டத்தில் மக்களுக்கு நோட்டின் மேல் இருக்கும் நம்பிக்கையே போய்விடும். கைக்கு வந்த பணத்தை உடனே பொருளாக மாற்றிவிடப் பார்ப்பார்கள். அந்த ஓட்டமே விலையை இன்னும் ஏற்றும். இந்தக் கடைசிக் கட்டத்துக்கு மீப்பணவீக்கம் என்று பெயர்.

சின்ன வயதில் தபால்தலை சேர்த்தவர்களின் ஆல்பத்தில் ஜெர்மனி பக்கம் ஒன்று இருந்திருக்கும். என்னுடையதில் இருந்தது. அதில் சில தலைகள் விசித்திரமாக இருக்கும். 200 மார்க் என்று அச்சான தலையின் மேலேயே கறுப்பு மையில் '2 மில்லியோனென்', அதாவது 20 லட்சம் என்று அடித்திருப்பார்கள். புதுத் தலை அச்சடித்துக் கொண்டுவருவதற்குள் விலை மாறிவிடுவதால், ஏற்கெனவே அச்சடித்துக் குவித்ததன் மேல் புது விலையைக் குத்திவிடுவது. பண நோட்டு விஷயத்திலும் இதே கதைதான்: 1922 டிசம்பர் தேதியிட்ட 1,000 மார்க் நோட்டின் குறுக்கே சிவப்பு எழுத்தில் 100 கோடி மார்க் என்று அடித்து வெளியே விட்டார்கள். நோட்டைப் பார்த்தாலே தெரியும், அதைப் படிக்கப் புத்தகம் வேண்டியதில்லை.

எப்படி இந்த அளவுக்குப் போனது? போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். போர்க்காலக் கடனும் அச்சடிப்பும் அதை ஏற்கெனவே ஆட்டம் காண வைத்திருந்தன. 1923 ஜனவரியில், நிலக்கரியும் தந்திக் கம்பங்களும் சொன்னபடி வந்து சேரவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் தொழில் இதயமான ரூர் பகுதிக்குள் படையோடு நுழைந்தன. ஜெர்மன் அரசு, அங்குள்ள தொழிலாளிகளே வேலைக்குப் போகாதீர்கள், சம்பளம் நாங்கள் தருகிறோம் என்றது. வருமானம் தரும் பகுதி கையை விட்டுப் போனது, செலவு ஏறியது, நடுவில் இருந்தது அச்சு இயந்திரம் மட்டும். நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். பெர்லினில் வருட ஆரம்பத்தில் 250 மார்க் விற்ற ரொட்டி, வருட முடிவுக்குள் சுமார் 20,000 கோடி மார்க்.

இதில் எல்லோரும் அழியவில்லை என்பதை அநேகம் பேர் சொல்வதில்லை. கடன் வாங்கியிருந்தவனுக்கு இது லாட்டரி. நிலத்தை அடமானம் வைத்திருந்த பண்ணைக்காரர், ஒரு கோழி விற்ற காசில் அடமானத்தையே மீட்டுவிடலாம். எல்லாரையும் விடப் பெரிய கடன்காரர் அரசுதான்: அதன் 15,400 கோடி மார்க் போர்க்கடன், நவம்பர் மாதக் கணக்கில் போருக்கு முந்தைய பணத்தில் பதினைந்து காசுக்குச் சற்று மேல். அந்தக் கடன் பத்திரங்களை தேசபக்தியோடு வாங்கி வைத்திருந்த ஆசிரியர், ஓய்வூதியக்காரர், விதவை ஆகியோரின் சேமிப்பு அந்தப் பதினைந்து காசில்தான் போய்ச் சேர்ந்தது.

சரி, இதை நிறுத்தியது யார்? அதே குடியரசுதான். 1923 ஆகஸ்டில் சான்சலரான குஸ்டாவ் ஸ்ட்ரெஸ்மான் ரூர் போராட்டத்தைக் கைவிட்டார். நவம்பர் 15ஆம் தேதி ரென்டன்மார்க் என்ற புது நாணயம் வந்தது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புது மார்க். இதை ஓர் அளவுக்கு மேல் அச்சடிக்க மாட்டோம் என்றார்கள், அச்சடிக்கவும் இல்லை. மக்கள் நம்பினார்கள். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

அதே நவம்பரில்தான் மியூனிக்கில் ஹிட்லர் ஒரு பீர் மண்டபத்தில் ஆரம்பித்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார். மறுநாள் போலீஸ் சுட்டதும் முடிந்தது. அஞ்சு வருடத் தண்டனை, சிறையில் இருந்தது ஒரு வருடத்துக்கும் குறைவு. (நீதிபதிகள் வலதுசாரிகளிடம் காட்டிய கரிசனம் தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன்.)

இதுவரை: 1923 நெருக்கடி கொடுமையானது, ஆனால் குடியரசு அதைத் தாண்டிப் பிழைத்தது. சேமிப்பை இழந்த நடுத்தர வர்க்கம் மட்டும் தன் பழைய கட்சிகளிடமிருந்து மெல்ல விலக ஆரம்பித்தது. 1919இல் 18 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தாராளவாத ஜனநாயகக் கட்சி 1928இல் 5 சதவீதத்துக்கு வந்து நின்றது. அந்த ஓட்டுகள் அப்போது ஹிட்லரிடம் போகவில்லை, சின்னச் சின்ன உதிரிக் கட்சிகளுக்குச் சிதறின.

## எதிர்க்கட்சி என்றால் இரண்டு வகை

இங்கே கொஞ்சம் நின்று ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குடியிருப்பு நலச்சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செயலாளர் சரியில்லை, தண்ணீர்க் கணக்கு இடிக்கிறது, அடுத்த முறை நான் நிற்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் எதிர்க்கட்சி. சங்கமே வேண்டாம், கட்டடம் எனக்கு மட்டும் சொந்தம், அதைப் பிடிப்பதற்கு இந்தத் தேர்தல் ஒரு படிக்கட்டு என்று சொன்னால் அவரும் எதிர்க்கட்சிதான், ஆனால் வேறு ஜாதி. முதல் ஆள் ஆட்சிக்கு எதிரி, இரண்டாவது ஆள் அமைப்புக்கே எதிரி.

வைமாரில் இரண்டாவது வகை ஆரம்பத்திலிருந்தே ஏராளம். இடது பக்கம் கம்யூனிஸ்ட் கட்சி. 1919 ஜனவரியில் அதன் தலைவர்களான ரோசா லக்சம்பர்க், கார்ல் லீப்னெக்ட் இருவரையும் அரசு ஏவிவிட்ட வலதுசாரித் துருப்புகள் கொன்ற நாளிலிருந்து, அப்போது ஆட்சியில் இருந்த சமூக ஜனநாயகக் கட்சியை அவர்கள் மன்னிக்கவே இல்லை. வலது பக்கம் மன்னராட்சி திரும்ப வேண்டும் என்ற தேசிய மக்கள் கட்சி, பிறகு நாஜிகள். நம் படை போர்க்களத்தில் தோற்கவில்லை, உள்ளூர்த் துரோகிகள் முதுகில் குத்தினார்கள் என்ற கட்டுக்கதையை இவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். படைத்தளபதி ஹிண்டன்பர்க்கே விசாரணைக் குழு முன்னால் அதைச் சொன்னார். அதே ஹிண்டன்பர்க்கை 1925இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்!

நல்ல காலத்தில் அமைப்பு எதிரிகள் ஓரத்தில் கிடப்பார்கள். 1924க்குப் பிறகு அமெரிக்கக் கடன் வந்தது, தொழில் நடந்தது, அவர்களும் ஓரத்தில்தான் கிடந்தார்கள். ஆனால் அந்தக் கடனில் பெரும்பகுதி குறுகிய காலக் கடன். கொடுத்தவன் எப்போது கேட்டாலும் கொடுத்தாக வேண்டும்.

## 1930: இது நேர் எதிரான நோய்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது, கடன் கொடுத்தவர்கள் திரும்பக் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பே வடக்கு ஜெர்மனியின் விவசாயிகள் விளைபொருள் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாமல் தெருவுக்கு வந்திருந்தார்கள். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 1928இலேயே பெரிய போராட்டங்கள் நடந்தன. இந்த மாநிலத்தின் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

இப்போது வந்தது பணவாட்டம். பணவீக்கத்தின் தலைகீழ் இது: விலைகள் விழுகின்றன. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒருவர் செலவுதான் இன்னொருவர் வரவு. தையல்காரர் இந்த மாதம் இறைச்சி வாங்குவதை நிறுத்தினால் இறைச்சிக் கடைக்காரருக்கு வரவு குறையும், அவர் புதுச் சட்டை தைக்க வரமாட்டார், தையல்காரர் உதவியாளை வீட்டுக்கு அனுப்புவார். விலை இன்னும் விழும் என்று எல்லோரும் காத்திருக்க, வியாபாரம் நின்றுபோகும். வாங்கிய கடன் மட்டும் விழாது. வருமானம் பாதியானாலும் கடன் அதே தொகை. 1923இல் கடன்காரன் தப்பித்தான், இப்போது அவன்தான் மூழ்கினான்.

1929 செப்டம்பரில் வேலையில்லாதோர் சுமார் 13 லட்சம். 1932 தொடக்கத்தில் பதிவானவர்கள் மட்டும் 60 லட்சத்துக்கு மேல். அந்தக் காலத்து ஜெர்மன் பேச்சில் உதவித்தொகை வாங்கப் போவதற்கு 'முத்திரை குத்தப் போவது' என்று பெயர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று அட்டையில் முத்திரை வாங்கினால்தான் காசு. சில மாதம் காப்பீட்டுத் தொகை, அது தீர்ந்ததும் குறைந்த நெருக்கடி உதவி, அதுவும் தீர்ந்ததும் நகராட்சியின் ஏழைகள் நிவாரணம். படிப்படியாகக் கீழே இறங்குகிற ஏணி அது. ஒவ்வொரு படியிலும் தொகை குறையும், வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள் என்ற கேள்வி கூடும்.

அரசு அப்போது செலவு செய்து கை கொடுத்திருக்கலாமே என்று இன்று கேட்பது சுலபம். 1930 மார்ச்சில் சான்சலரான ஹைன்ரிக் ப்ரூனிங் நேர்மாறாகச் செய்தார். அரசு ஊழியர் சம்பளத்தை வெட்டினார், உதவித்தொகையை வெட்டினார், வரியை ஏற்றினார். 1931 டிசம்பரில் நாடு முழுக்கக் கூலியையே ஆணை போட்டு 1927 அளவுக்கு இறக்கினார். மக்கள் அவருக்கு வைத்த பெயர் பசி சான்சலர். ஏன் இப்படி? நோட்டு அச்சடித்தால் 1923 திரும்பிவிடும் என்று நாடே பயந்தது. வெளியே யாரும் கடன் தரத் தயாராக இல்லை. இழப்பீட்டு ஒப்பந்தங்கள் மார்க்கின் மதிப்பைக் கட்டிப்போட்டிருந்தன. போதாததற்கு, நாங்கள் இவ்வளவு சிக்கனம் பிடித்தும் கட்ட முடியவில்லை பாருங்கள் என்று காட்டி இழப்பீட்டையே ஒழிக்க வேண்டும் என்பது ப்ரூனிங்கின் திட்டம். வேறு வழி இருந்ததா இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இருந்தது, கொஞ்சமாவது இருந்தது என்பது என் கட்சி. 1932 கோடையில் இழப்பீடு உண்மையிலேயே நின்றது. அதற்குள் ப்ரூனிங் பதவியில் இல்லை.

கவனியுங்கள்: 1923 நேரடியாக ஹிட்லரைக் கொண்டுவரவில்லை, ஆனால் 1923 பற்றிய பயம் 1931இல் தவறான மருந்தைக் கொடுக்க வைத்தது. இரண்டுக்கும் உள்ள பலமான தொடர்பு இதுதான்.

## இறக்கத் தெரியும், ஏற்றத் தெரியாது

இதற்கிடையில் நாடாளுமன்றம் என்ன செய்துகொண்டிருந்தது? கடைசியாகப் பெரும்பான்மையோடு ஆண்ட கூட்டணி, ப்ரூனிங்குக்கு முன் சான்சலராக இருந்த ஹெர்மன் முல்லருடையது. 1930 மார்ச்சில் அது உடைந்தது வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவை 3.5 சதவீதத்திலிருந்து 4 ஆக்குவதா என்ற தகராறில். முதலாளி பாதி, தொழிலாளி பாதி கட்டும் சந்தா. அரை சதவீதம். பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ப்ரூனிங்குக்குப் பெரும்பான்மை கிடையாது. அவர் பயன்படுத்தியது அரசியல் சட்டத்தின் பிரிவு 48. பொது ஒழுங்குக்கு ஆபத்து வந்தால் குடியரசுத் தலைவர், நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அவசர ஆணை பிறப்பிக்கலாம் என்று சொல்லும் பிரிவு அது. தீயணைப்புக் கருவி மாதிரி, கண்ணாடியை உடைத்து எடுப்பதற்கு. ப்ரூனிங் காலத்தில் தினமும் அதில்தான் சமைத்தார்கள். 1930இல் ரைக்ஸ்டாக் நிறைவேற்றிய சட்டங்கள் 98, அவசர ஆணைகள் 5. 1931இல் சட்டம் 34, ஆணை 44. 1932இல் சட்டம் வெறும் 5.

1930 செப்டம்பரில் வைத்த தேர்தலில் நாஜிகள் 12 இடத்திலிருந்து 107க்குத் தாவினார்கள். கம்யூனிஸ்டுகளும் ஏறினார்கள். இன்னொரு தேர்தல் வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று பயந்து, சமூக ஜனநாயகக் கட்சி அமைச்சரவையில் சேராமலேயே ப்ரூனிங்கை விழாமல் தாங்கிப் பிடித்தது. நியாயமான பயம்தான். ஆனால் விளைவு என்ன? சம்பளம் வெட்டப்பட்ட ஒருவருக்கு ஆட்சியின் மேல் கோபம் வந்தால், அதைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு முதல் வகை எதிர்க்கட்சி என்று சொல்லும்படி ஏதும் மிஞ்சவில்லை. நியாயமான கட்சிகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் ஆட்சியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ப்ரூனிங்கை முழுமூச்சாக எதிர்த்தவர்களில் கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர்கள் நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் மட்டும், இரண்டு கட்சியும் கட்டடத்தையே இடிக்க நினைத்தவர்கள்.

1932 ஜூலைத் தேர்தலில் 608 இடத்தில் நாஜிகளுக்கு 230, கம்யூனிஸ்டுகளுக்கு 89. கூட்டினால் 319, பாதிக்கு மேல். ஒருவரையொருவர் தெருவில் அடித்துக் கொல்கிற இந்த இரண்டு கட்சிகளும் சேர்ந்து எந்த ஆட்சியையும் கவிழ்க்கலாம், ஆனால் சேர்ந்து ஆட்சி அமைக்க முடியாது. இதற்குத்தான் எதிர்மறைப் பெரும்பான்மை என்று பெயர்: வேண்டாம் என்று சொல்ல ஆள் இருக்கிறது, வேண்டும் என்று சொல்ல இல்லை.

அதன் அச்சு அசல் காட்சி 1932 செப்டம்பர் 12 அன்று நடந்தது. அப்போது சான்சலர் ஃப்ரான்ஸ் ஃபான் பாப்பன். அவர்மேல் கம்யூனிஸ்டுகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். பாப்பனிடம் சபையைக் கலைக்கும் உத்தரவு இருந்தது, ஆனால் அதைக் கையோடு கொண்டுவரவில்லை. சபை அரைமணி நேரம் ஒத்திவைக்கப்பட்ட இடைவெளியில் ஆள் அனுப்பி, சிவப்புக் கோப்பில் வந்து சேர்ந்தது. அவர் எழுந்து பேச இடம் கேட்கிறார். அவைத்தலைவர் நாற்காலியில் நாஜியான கோரிங். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, வாக்கெடுப்பு தொடங்கிவிட்டது என்கிறார். பாப்பன் கோப்பைக் கோரிங் மேசையில் வைத்துவிட்டு வெளியேறுகிறார். முடிவு: பாப்பனுக்கு எதிராக 512, ஆதரவாக 42. ஓட்டு செல்லுமா செல்லாதா என்பது பிறகு வந்த சண்டை. ஆளுவதற்கு நாட்டில் யாருமே இல்லை என்பது மட்டும் அன்று தெரிந்துபோனது.

## அப்போ பசித்தவர்கள்தான் ஓட்டுப் போட்டார்களா?

பாதி சரி. வேலை இழந்த தொழிற்சாலைத் தொழிலாளிகள் அதிகம் சாய்ந்தது கம்யூனிஸ்ட் பக்கம். நாஜிகளுக்கு விழுந்த ஓட்டில் கணிசமானது இன்னும் எதையோ கையில் வைத்திருந்து, அது போய்விடும் என்று பயந்தவர்களுடையது: சிறு விவசாயி, கடைக்காரர், கைவினைஞர், அரசு ஊழியர், அதிலும் புராட்டஸ்டன்ட் ஊர்களில். கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் தங்கள் மையக் கட்சியோடு நின்றார்கள். விவசாயிகள் தெருவுக்கு வந்த ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் 1932 ஜூலையில் நாஜிகள் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினார்கள்.

நாடு முழுக்க அவர்களுடைய உச்சம் 37 சதவீதம். அதே வருடம் நவம்பரில் நடந்த அடுத்த தேர்தலில் 33க்கு இறங்கி, 34 இடங்களை இழந்தார்கள். ஆக, மக்கள் பெரும்பான்மை கொடுத்து ஹிட்லரைக் கொண்டுவந்தார்கள் என்பதும் நடக்காத கதை. இறங்குமுகத்தில் இருந்தவரை, கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்ட பாப்பனும் அவர் வட்டமும் சொல்லி, ஹிண்டன்பர்க் 1933 ஜனவரி 30ஆம் தேதி நியமித்தார். அந்த அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். பிப்ரவரி 27 இரவு ரைக்ஸ்டாக் கட்டடம் எரிந்தது. மறுநாள் பேச்சுரிமை முதல் வீட்டுச் சோதனைப் பாதுகாப்பு வரை எல்லாவற்றையும் நிறுத்தி வைத்த ஆணை எதன் கீழ் வந்தது தெரியுமா? அதே பிரிவு 48.

இரண்டாம் போருக்குப் பிறகு, 1949இல் மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தை எழுதியவர்கள் இதையெல்லாம் நேரில் பார்த்தவர்கள். சான்சலரை இறக்க வேண்டுமென்றால், அடுத்தவர் யார் என்று பெயர் சொல்லி, அவருக்குப் பெரும்பான்மை காட்டி, ஒரே ஓட்டெடுப்பில் இரண்டையும் முடிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். இறக்குவதற்கு மட்டும் கூட்டு சேர வழியில்லை. அப்படி ஓர் ஆட்சி மாறியது இதுவரை ஒரே ஒரு தடவை: 1982 அக்டோபர் 1ஆம் தேதி, ஹெல்முட் ஷ்மிட்டை இறக்கிய அதே ஓட்டெடுப்பில் ஹெல்முட் கோல் சான்சலர் ஆனார்.